ஸ்கேல் தெரிகிறது, எங்கே நிற்பது என்று தெரியவில்லை

கேள்வி: சார், சி மவுத் ஆர்கனில் இரண்டாம் பொசிஷன், அதாவது ஜி-யை ஆதார சுரமாக வைத்து, ப்ளூஸ் ஸ்கேல் நன்றாகவே பழகிவிட்டேன். பேக்கிங் ட்ராக் (பின்னணி இசைப் பதிவு) போட்டு அந்த ஆறு சுரங்களையும் மேலும் கீழுமாக வாசிக்கிறேன். தப்பான சுரம் எதுவும் விழுவதில்லை. ஆனாலும் பாட்டு மாதிரி இல்லை, பயிற்சி செய்கிற மாதிரியே இருக்கிறது. கிடார் வாசிக்கும் நண்பர் ஒருவர் "கார்டு சுரங்களைப் படி" என்கிறார். ஸ்கேல் மட்டும் போதாதா?

பதில்: போதாது. உங்கள் நண்பர் சொன்னது சரி. எந்தெந்தச் சுரங்களில் கால் வைக்கலாம் என்று ஸ்கேல் சொல்கிறது. எப்போது, எந்தச் சுரத்தில் நிற்பது என்பதைச் சொல்வது அந்த நேரத்தில் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. நீங்கள் வாசிப்பது பயிற்சி போலக் கேட்பதற்குக் காரணம், பின்னால் கார்டு மாறுவது உங்கள் வாசிப்பில் தெரியாததுதான். ட்ராக் ஒரு பக்கம் போகிறது, நீங்கள் ஒரு பக்கம் போகிறீர்கள், இருவரும் சண்டை போடவில்லை, அவ்வளவே.

ஒரே ஒரு சுரத்தை எடுத்துப் பார்ப்போம். பி ஃப்ளாட். மூன்றாம் துளையை உள்ளிழுத்து அரைச் சுரம் பெண்ட் செய்தால், அதாவது வாய்க்குள் நாக்கை நகர்த்திச் சுரத்தைக் கீழே இறக்கினால், வருவது. பின்னால் ஜி கார்டு ஓடும்போது இதை வாசித்தால் இது மைனர் மூன்றாம் சுரம். கார்டுக்குள் இருக்கும் பி-யோடு உரசும், அந்த உரசல்தான் ப்ளூஸின் சுவையே. சி கார்டு வந்ததும் அதே பி ஃப்ளாட் சி7-இன், அதாவது ஏழாம் சுரமும் சேர்ந்த சி கார்டின், ஏழாம் சுரமாகிவிடுகிறது, உரசல் போய் கார்டுக்குள் சொந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டி கார்டு வரும்போது அதே சுரம், கார்டில் உள்ள ஏ-க்கு அரைச் சுரம் மேலே நின்றுகொண்டு உறுத்தும். அங்கே நிறுத்தினால் காது சுளிக்கும், ஏ-க்கு இறக்கிவிட்டால் அழகாக இருக்கும். துளை அதே, மூச்சு அதே, பெண்டும் அதே. மாறியது கீழே இருக்கும் கார்டு மட்டும்தான். ஸ்கேலை மட்டும் படித்தவருக்கு இந்த மூன்றும் ஒரே சுரம்.

சரி, எந்தக் கார்டு எங்கே இருக்கிறது? ஜி7-இல் ஜி, பி, டி, எஃப். இவை 2, 3, 4, 5-ஆம் துளைகளின் உள்ளிழுப்பு. அடுத்தடுத்து நான்கு துளை, பெண்ட் எதுவும் வேண்டாம். இரண்டாம் பொசிஷனை ப்ளூஸ்காரர்கள் இவ்வளவு விரும்பியதற்கு இதுவே பெரிய காரணம். சி கார்டின் சி, ஈ, ஜி மூன்றும் 4, 5, 6-ஐ ஊதினால் கிடைக்கும், கீழே 1, 2, 3-ஐ ஊதினாலும் அதேதான். அதன் ஏழாம் சுரத்துக்கு மட்டும் மேலே சொன்ன பி ஃப்ளாட் பெண்ட். டி கார்டுதான் கொஞ்சம் சிதறிக் கிடக்கிறது. டி, 1 அல்லது 4 இழு. எஃப் ஷார்ப், 2 இழுவில் அரைச் சுரம் பெண்ட். ஏ, 3 இழுவில் முழுச் சுரம் பெண்ட், இல்லாவிட்டால் 6 இழு. ஏழாம் சுரமான சி, 4 ஊது.

இதை மூச்சாகப் பாருங்கள். முதல் கார்டான ஜி முழுக்க மூச்சு உள்ளே போகிறது, நான்காம் கார்டான சி முழுக்க வெளியே வருகிறது. கிடாரிலோ பியானோவிலோ இந்த வசதி கிடையாது. கார்டு மாறுவதை உங்கள் நெஞ்சே உணர்ந்துகொள்ளும். இரண்டாம் பொசிஷனில் வாசிப்பவர்கள் நான்கு பார் (தாளச் சுற்று) இழுத்து இழுத்து மூச்சு முட்டி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது, ஆறாவது பாரில் சி கார்டு வருகிறது. ஊதும் சுரங்களில் நில்லுங்கள், நெஞ்சும் காலியாகும், இசையும் பொருந்தும்.

பயிற்சியை இப்படி ஆரம்பியுங்கள். 12 பார் ப்ளூஸை, அதாவது பன்னிரண்டு பாருக்கு ஒருமுறை திரும்ப வரும் கார்டு வரிசையை, மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் தட்டில் அந்தக் கார்டின் ஆதார சுரத்தை மட்டும் வாசியுங்கள். ஜி-க்கு 2 இழு, சி-க்கு 4 ஊது, டி-க்கு 4 இழு. மீதித் தட்டுகளில் சும்மா இருங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று நாள் இதைச் செய்தால் எந்தப் பாரில் இருக்கிறோம் என்று எண்ண வேண்டிய அவசியமே போய்விடும். அப்புறம் அதே இடத்தில் மூன்றாம் சுரத்துக்கு மாறுங்கள்: ஜி-க்கு 3 இழு, சி-க்கு 5 ஊது, டி-க்கு 2 இழு பெண்ட். அந்தப் பெண்ட் இன்னும் சரியாக வராவிட்டால் டி-க்கு மட்டும் 6 இழுவில் ஏ வாசித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுரத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம், ஒரு கார்டு மேஜரா மைனரா என்று சொல்வது அதுதான். ஆதார சுரத்தை பாஸ் கிடார் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரு சின்ன இடத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்காவது பாரின் கடைசித் தட்டில் 3 இழு, பெண்ட் இல்லாமல், சுத்தமான பி. ஐந்தாவது பாரின் முதல் தட்டில் அதே துளை, மூச்சை வெட்டாமல், வாய்க்குள் 'ஈ' சொல்லும் நிலையிலிருந்து 'ஊ' சொல்லும் நிலைக்கு நாக்கை நகர்த்தி, பி ஃப்ளாட். இரண்டே சுரம். ஜி-யின் மூன்றாம் சுரம் அரைப்படி இறங்கி சி7-இன் ஏழாம் சுரமாகிறது. ட்ராக்கை நிறுத்திவிட்டு இதை மட்டும் வாசித்தாலும் கார்டு மாறியது காதில் விழும். அந்த மூன்றாம் துளையில் பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட் என்று மூன்று பெண்ட் ஒளிந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் வேறு சுரத்துக்கு வழுக்கிவிடும். ஜி கார்டின் மேல் பி-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் ப்ளூஸ் மன்னிக்கும், சில சமயம் அந்த நடு இடம்தான் வேண்டியதே. சி கார்டின் மேல் மன்னிக்காது. கீபோர்டில் பி ஃப்ளாட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதோடு ஒட்டும்வரை பெண்டைச் சரிபாருங்கள்.

கேள்வி: எனக்கு இன்னும் பெண்ட் வரவில்லை. அது வந்த பிறகுதான் இம்ப்ரொவைஸ் செய்ய, அதாவது சொந்தமாகக் கற்பனை செய்து வாசிக்க, ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பெண்டுக்காகக் காத்திருந்தால் காதைப் பழக்க வேண்டிய மாதங்கள் வீணாகிவிடும். அதே சி மவுத் ஆர்கனை எடுத்து மூன்றாம் பொசிஷனில், டி-யில் ஆரம்பியுங்கள். 4 இழு, 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு. இது டோரியன் ஸ்கேல், ஒரு பெண்டும் இல்லாமல் முழு ஆக்டேவ் (ஸ்தாயி). டி மைனர் கார்டு 4, 5, 6 இழு, அதுவும் பக்கத்துப் பக்கத்தில். லிட்டில் வால்டர் போன்ற பெரிய ப்ளூஸ் கலைஞர்கள் இந்தப் பொசிஷனில் நிறைய வாசித்திருக்கிறார்கள், ஆகவே இதை ஆரம்பப் பாடம் என்று குறைவாக நினைக்க வேண்டாம்.

டி மைனர் 7 இரண்டு பார், ஜி7 இரண்டு பார் என்று மாறி மாறி வரும் ட்ராக் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். டி மைனர் ஓடும்போது 7 ஊதி சி-யில் நில்லுங்கள், அது அந்தக் கார்டின் ஏழாம் சுரம். ஜி7 வரும் அதே நொடியில் வாயை நகர்த்தாமல் மூச்சை மட்டும் உள்ளே இழுங்கள். பி வரும், அது ஜி-யின் மூன்றாம் சுரம். எனக்கு மவுத் ஆர்கனிலேயே மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. மூச்சு திரும்புகிறது, கார்டும் திரும்புகிறது. 5 இழுவில் இருக்கும் எஃப் இன்னொரு விதம்: டி மைனரில் மூன்றாம் சுரமாக இருந்துவிட்டு, அசையாமல் நின்றபடியே ஜி7-இன் ஏழாம் சுரமாகிறது. ஒன்று நகர்கிறது, ஒன்று நிற்கிறது. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள், நடுவில் வேறு என்ன சுரம் போட வேண்டும் என்று கை தானாகத் தேட ஆரம்பிக்கும்.

கேள்வி: ஏழாம் துளையைத் தாண்டியதும் எல்லாம் குழம்பிவிடுகிறது. கீழேயும் சில சுரங்களைக் காணோம். கருவியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, அமைப்பே அப்படித்தான். 1 முதல் 6 வரை ஒரே துளையில் ஊதுவதைவிட இழுப்பது உயரமான சுரம். 7 முதல் 10 வரை அது தலைகீழ், ஊதுவதுதான் உயரம். அதனால் ஆறிலிருந்து மேலே போகும்போது 6 ஊது, 6 இழு, அதையடுத்து 7 இழு, 7 ஊது என்று இரண்டு இழுப்பு சேர்ந்தாற்போல் வரும். இந்த நான்கை மட்டும் தனியாக, மேலே போவதும் இறங்குவதுமாக, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் அளவுக்குப் பழகுங்கள்.

கீழ் ஆக்டேவில் எஃப், ஏ இரண்டும் நேராகக் கிடைக்காது. ஊதினால் ஒரு கார்டு, இழுத்தால் ஒரு கார்டு என்று பக்கவாத்தியமாகவும் உதவும்படி சுரங்களை அடுக்கியதன் விலை அது. எஃப், 2 இழுவில் முழுச் சுரம் பெண்ட். ஏ, 3 இழுவில் முழுச் சுரம் பெண்ட். நடு ஆக்டேவில் எஃப் ஷார்ப்பும் பி ஃப்ளாட்டும் பெண்டிலும் வராது, அவற்றுக்கு ஓவர்ப்ளோ, அதாவது ஊதும்போது சுரத்தை மேலே தாவவைக்கும் உத்தி, வேண்டும், 5-லும் 6-லும். பத்துத் துளைக் கருவியில் எல்லாச் சுரங்களையும் வாசிக்க முடியும் என்று மவுத் ஆர்கன் கலைஞர் ஹோவர்ட் லெவி காட்டியது இந்த உத்தியை வைத்துத்தான். ஆனால் இப்போது அதைத் தொட வேண்டாம், கையில் இருக்கும் சுரங்களிலேயே வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் சில வருடம் பாடியவன். மேஜர் பென்டடானிக் என்றால் மோகனம்தானே? இந்த மேற்கத்தியப் பெயர்களையெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டுமா?

பதில்: சுரங்களின் அளவில் அது மோகனம்தான், சந்தேகமே வேண்டாம். நீங்கள் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். சி மவுத் ஆர்கனில் சி-யை ஸ வைத்தால் சங்கராபரணம், அது முதல் பொசிஷன். அதன் பஞ்சமத்தை ஸ ஆக்கினால் ஹரிகாம்போதி, அதுதான் பெண்ட் இல்லாத இரண்டாம் பொசிஷன். ரிஷபத்தை ஸ ஆக்கினால் கரகரப்ரியா, மூன்றாம் பொசிஷன். தைவதத்தை ஆக்கினால் நடபைரவி, நான்காம் பொசிஷன். பொசிஷன் என்று இவர்கள் சொல்வது நமக்குத் தெரிந்த கிரகபேதமேதான், ஒரே கருவியில் ஸ-வை நகர்த்துவது. மைனர் பென்டடானிக் உங்களுக்குச் சுத்த தன்யாசி. ப்ளூஸ் ஸ்கேல் என்பது அதோடு ஒரு பிரதி மத்யமமும் சேர்ந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் பழகியதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ராகம் பாடும்போது தம்புரா ஒரே ஸ-வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காந்தாரம் எப்போதும் காந்தாரம், அதன் உறவு மாறாது. கார்டு மாறும் இசையில் கீழே இருக்கும் தரையே நகர்கிறது. ஜி-யில் மோகனம் வாசிக்கிறீர்கள், காந்தாரம் பி. ஜி கார்டின் மேல் அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். சி7 கார்டு வந்துவிட்டால், அதில் உள்ள பி ஃப்ளாட்டோடு அதே காந்தாரம் மோதும். ராகப்படி தப்பே இல்லை, ஆனாலும் காது ஒப்பாது. அப்போது பக்கத்திலேயே இருக்கும் தைவதத்துக்கு, அதாவது 5 ஊதி ஈ-க்குப் போய்விடுங்கள். அது சி-யின் மூன்றாம் சுரம். கல்பனா சுரம் பாடும்போது எந்தச் சுரத்தில் வந்து முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டுதானே கிளம்புவீர்கள்? அதே பழக்கம்தான். முடிக்கும் சுரம் கார்டுக்குக் கார்டு மாறும் என்பது மட்டும்தான் வித்தியாசம். இந்த விஷயத்தில் உங்களைப் போல் பாடிப் பழகியவர்கள் சீக்கிரம் முன்னேறுவார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் வாசிப்பதற்கு முன்பே சுரம் உங்கள் தொண்டையில் இருக்கிறது.

கேள்வி: 12 கீயிலும் கார்டு சுரங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: பத்துத் துளைக் கருவியில் வேண்டாம். சுரப் பெயரைவிட எண்ணைப் படியுங்கள். 3 இழு என்றால் இரண்டாம் பொசிஷனில் மூன்றாம் சுரம், எந்தக் கீ மவுத் ஆர்கனை எடுத்தாலும் அதுதான். பாட்டு ஏ-யில் என்றால் டி கருவி, ஈ-யில் என்றால் ஏ கருவி, சி-யில் என்றால் எஃப் கருவி. பாட்டின் கீயிலிருந்து நான்காம் சுரத்தின் கருவியை எடுத்தால் இரண்டாம் பொசிஷன் தானாக அமைந்துவிடும்.

பட்டன் வைத்த க்ரோமேட்டிக் மவுத் ஆர்கன் வாசிப்பவராக இருந்தால் கதை வேறு, அங்கே ஒரே கருவியில் 12 கீயும் வாசித்தாக வேண்டும். டூட்ஸ் தீல்மான்ஸ் ஜாஸ் வாசித்தது அந்தக் கருவியில்தான். நான்கு துளைக்கு ஒரு ஆக்டேவ் என்று அமைப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால், ஒரு ஆக்டேவில் படித்த கார்டு மேலேயும் கீழேயும் அப்படியே பொருந்தும். வாரத்துக்கு ஒரு கீ என்று போங்கள், அவசரம் வேண்டாம்.

கேள்வி: தனியாக வாசிக்கும்போது கார்டு சுரம் எல்லாம் தெரிகிறது. ட்ராக்கோடு வாசித்தால் யோசிப்பதற்குள் அடுத்த கார்டு வந்துவிடுகிறது. கார்டு சுரத்தை மட்டும் வாசித்தாலும் ஹாரன் அடிக்கிற மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டு பிரச்சினையும் ஒரே இடத்தில் தீரும். கார்டு வந்த பிறகு யோசித்தால் யாராலும் முடியாது. அடுத்த கார்டின் ஒரு சுரத்தை, ஒன்றே ஒன்றை, இந்தப் பாரிலேயே முடிவு செய்துகொண்டு அதை நோக்கிப் போங்கள். போகிற வழிக்குத்தான் ஸ்கேல். நீங்கள் படித்த ஸ்கேல் வீணாகவில்லை, இந்த வேலைக்காகத்தான் அதைப் படித்தீர்கள்.

உதாரணமாக, ஐந்தாவது பாரின் முதல் தட்டில் சி-யின் மூன்றாம் சுரமான ஈ, 5 ஊது, என்று முடிவு செய்கிறீர்கள். நான்காவது பாரின் கடைசித் தட்டில் மேலிருந்து 5 இழு, கீழிருந்து 4 இழு, இரண்டையும் தொட்டுவிட்டு 5 ஊதில் வந்து இறங்குங்கள். எஃப், டி, ஈ. இலக்கை இரண்டு பக்கமும் வளைத்துப் பிடிக்கிற மாதிரி. அதே ஈ-யை மட்டும் திடீரென்று வாசித்துப் பாருங்கள், அப்புறம் இப்படி வந்து வாசித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன ஹாரன் சத்தம் ஏன் போய்விட்டது என்று புரியும்.

இன்னொன்று, கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பாடுங்கள். ட்ராக் ஓடும்போது ஒவ்வொரு கார்டின் மூன்றாம் சுரத்தையும் வாயால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாட முடியாத சுரத்தை இம்ப்ரொவைஸ் செய்யும்போது உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது, அது தற்செயலாக விழும், அவ்வளவுதான். தினமும் ஐந்து நிமிடம் பாட்டு, பத்து நிமிடம் வாசிப்பு. ஒரு மணி நேரம் ட்ராக்கின் மேல் மனம் போன போக்கில் ஓட்டுவதைவிட இதுவே அதிகம் தரும்.

வாரம் ஒருமுறை ட்ராக் இல்லாமல், காலால் மட்டும் தாளம் போட்டு 12 பார் வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். எந்தக் கார்டில் இருக்கிறீர்கள் என்று உங்கள் வாசிப்பிலிருந்தே தெரிகிறதா? பெரும்பாலும் முதல் எட்டு பார் தேறிவிடும், ஒன்பதும் பத்தும் கலங்கலாக இருக்கும், ஏனென்றால் அங்கே டி ஒரு பார், சி ஒரு பார் என்று வேகமாக மாறி ஜி-க்குத் திரும்புகிறது. அந்த இடத்துக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது மூன்றே சுரம். ஒன்பதாவது பாரில் 4 இழு, டி. பத்தாவதில் அதே துளையை ஊதி சி. பதினொன்றில் 3 இழு, பி. டி-யின் ஆதாரம், சி-யின் ஆதாரம், ஜி-யின் மூன்றாம் சுரம். ஒவ்வொன்றையும் பாரின் முதல் தட்டில் வைத்து, நீளமாக, அவசரப்படாமல் வாசியுங்கள். இந்த வாரம் அதை மட்டும் செய்துவிட்டு, அடுத்த பதிவில் எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள்.